காலாள் கொடுத்துக் காலம் வாங்கிய ஆட்டம்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



எனக்கு முன் பேசியவர்கள் சமயத்தைப் பற்றியும் தமிழைப் பற்றியும் சொல்வன்மையோடு பேசிவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருப்பதோ சதுரங்கம். அதிலும் ஒரேயோர் ஆட்டம். அதிலும் நம்மவர் தோற்றுப்போன ஆட்டம். வென்ற ஆட்டங்கள் எத்தனையோ இருக்க இதை ஏன் எடுத்தேன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சதுரங்கம் என்றதும் பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. சூதோடு சேர்த்து எண்ணிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாண்டவரைக் காட்டுக்கு அனுப்பிய ஆட்டத்திலே பகடை உருண்டது. இந்த ஆட்டத்திலே உருளுவது எதுவும் இல்லை. மன்னார்குடிக்குப் பக்கத்திலே திருப்பூவனூர் என்றொரு தலம் உண்டு. அப்பர் சுவாமிகள் பாடிய தலம். அங்கே இறைவனுக்குப் பெயர் சதுரங்க வல்லபநாதர். சதுரங்கத்தில் எவராலும் வெல்ல முடியாதிருந்த அரசகுமாரியை, முதிய சித்தர் வடிவிலே வந்து ஆடி வென்று மணந்துகொண்டார் சிவபெருமான் என்பது தலபுராணம். பெருமானே பலகையின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். நாம் உட்கார்ந்தால் குற்றமில்லை.

நிற்க. 1995ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லத்வியா நாட்டுத் தலைநகராகிய ரீகாவிலே ஒரு போட்டி நடந்தது. அந்த நகரிலே 1936இல் பிறந்து, 1960இல் உலக வாகை சூடி, 1992இல் மறைந்த மிகயில் தால் என்பவரின் ஞாபகார்த்தமாக நடத்தப்பட்ட போட்டி அது. தால் என்றால் தாக்குதல் என்று பொருள் சொன்னாலும் பிழையில்லை. காய்களைப் பலியிட்டு எதிராளியின் அரசனைத் துரத்துவதிலே அவருக்கு இணையானவர் அரிது. அந்தப் போட்டியிலே 1985 முதல் உலக வாகையராய் விளங்கிய காரி காஸ்பரோவும் நமது விசுவநாதன் ஆனந்தும் எதிரெதிரே அமர்ந்தனர்.

ஆனந்த் 1969 டிசம்பர் 11இல் மயிலாடுதுறையிலே பிறந்தவர். ஆட்டத்தைக் கற்பித்தவர் தாயார் சுசீலா அம்மையார். பின்பு சென்னையிலே சோவியத் பண்பாட்டு நிலையத்தில் இயங்கிய கழகமொன்றிலே அவர் ஆடிப் பழகினார். இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரான மானுவேல் ஆரோன் வளர்த்த அந்தக் கழகத்தின் பெயர் என்ன தெரியுமா? தால் சதுரங்கக் கழகம்! தாலின் பெயரால் அமைந்த கழகத்திலே வளர்ந்த பிள்ளை, தாலின் ஊருக்கே, தாலின் ஞாபகார்த்தத்துக்கே ஆடப் போயிருக்கிறார். அதற்கு முந்திய மாதந்தான், மார்ச்சிலே, லஸ் பல்மாஸ் நகரில் கம்ஸ்கியை வென்று, காஸ்பரோவோடு உலக வாகைக்குப் பொருதும் உரிமையையும் பெற்றிருந்தார். ஆகவே ரீகாவில் சந்தித்தது வாகையரும் அறைகூவியவரும். பெரிய போர் செப்ரெம்பரிலே; இது அதற்கு முன்னான ஒரு கைகலப்பு.

ஆட்டத்துக்குள் போகுமுன் அதன் தொடக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைத் துறைமுகத்தருகே வாழும் நாம் கேட்பதிலே தனிச்சுவை உண்டு. காஸ்பரோவ் எடுத்த தொடக்கத்துக்கு எவன்ஸ் கம்பிற் என்று பெயர். கம்பிற் என்றால் தொடக்கத்திலேயே ஒரு காயைப் பலிகொடுத்து வேறொரு நலத்தைத் தேடுவது. எவன்ஸ் என்பவர் பேராசிரியருமல்லர், பிரபுவுமல்லர். வேல்ஸ் நாட்டிலே 1790இல் பிறந்து, சிறுவயதிலேயே கடலுக்குப் போய், தபாற்கப்பலுக்குக் கப்பித்தானாக இருந்த வில்லியம் டேவிஸ் எவன்ஸ். வேல்சுக்கும் அயர்லாந்துக்கும் இடையே தபால் ஏற்றிச் சென்ற அந்த மனிதர் 1820களிலே இந்தத் தொடக்கத்தைக் கண்டுபிடித்து, லண்டனிலே மக்டொனல் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரரை இதனால் வென்றார். இரவிலே கப்பல்கள் ஒன்றோடொன்று மோதாமலிருக்கச் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள் ஏற்றும் ஏற்பாட்டோடும் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்வதுண்டு. நமது துறைமுகத்துக்குள் இரவிலே நுழையும் கப்பல்களின் விளக்குகளைப் பார்க்கும்போது, கையிலே சதுரங்கப் பலகையோடு ஒரு வெள்ளைக்காரக் கப்பித்தான் எனக்கு நினைவுக்கு வருவார்.

அந்தக் கப்பித்தானின் தொடக்கம் ஐரோப்பா முழுவதும் பரவியது. 1852இல் பெர்லினிலே அண்டர்சன் ஆடிய, என்றும் வாடாத ஆட்டம் என்று புகழப்படும் ஆட்டம் இந்தத் தொடக்கமே. 1889இல் ஹவானாவிலே உலக வாகைக்காக ஸ்ரைனிற்சோடு பொருதிய ருஷ்யர் சிகோரின் இதையே திரும்பத் திரும்ப ஆடினார். பின்பு லஸ்கர் என்பவர் ஒரு மாற்று வழி காட்டினார்: எடுத்த காலாளைத் தக்க சமயத்திலே திருப்பிக் கொடுத்துவிடு, தாக்குதலின் உயிர் போய்விடும் என்று. அதன் பிறகு பெரிய போட்டிகளிலே இதைக் காண்பது அரிதாயிற்று. பாட்டன் காலத்து வாளைப் போலப் பரணிலே கிடந்தது. காஸ்பரோவ் அதைத்தான் துருத் துடைத்து எடுத்து வந்தார்.

இனிப் பலகைக்கு வருவோம். இந்த மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன். பின்னாலிருப்போருக்காக வாயாலும் சொல்கிறேன். ஒரு சொல் மட்டும் முன்கூட்டியே. நான் படித்தது மிஷன் பாடசாலையொன்றில். அங்கே மூலைக்கோட்டிலே ஓடும் காயை பிஷப் என்றே சொல்லிப் பழகினோம். இங்கே மந்திரி என்று சொல்லப் போகிறேன். எனக்குப் படிப்பித்த பாதிரிமார் பொறுத்தருள்வார்கள். மூலையில் நிற்பது கோட்டை.

வெள்ளை காஸ்பரோவ், கறுப்பு ஆனந்த். இருவரும் அரசன் முன்னுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளினர். வெள்ளையின் அரசன் பக்கக் குதிரையும், கறுப்பின் அரசி பக்கக் குதிரையும் வெளியே வந்தன. பின் இருவரும் அரசன் பக்க மந்திரியை நடுவெளிக்குக் கொண்டுவந்தனர். இதுவரை பாலபாடம்.

நான்காம் நகர்வு. அரசி பக்கக் குதிரையின் கோட்டிலுள்ள காலாளை இரண்டு கட்டம் தள்ளிக் கறுப்பு மந்திரியின் வாய்க்கு நேரே வைத்தார் காஸ்பரோவ். எடுத்துக்கொள் என்கிறார். ஆனந்த் எடுத்தார். உடனே பக்கத்துக் காலாள் ஒரு கட்டம் முன்வந்து அந்த மந்திரியை விரட்டியது. இங்கேதான் கப்பித்தானின் யுக்தி இருக்கிறது. காலாள் போயிற்று, உண்மை. ஆனால் எடுத்த மந்திரி மறுபடி ஓடவேண்டும். அது ஓடும் நேரத்திலே வெள்ளை நடுவெளியைக் கைப்பற்றும். ஒரு காலாளின் விலைக்கு ஒரு நகர்வு நேரம் வாங்கப்படுகிறது. கடையிலே பொருள் கொடுத்துப் பொருள் வாங்குவோம். இங்கே பொருள் கொடுத்துக் காலம் வாங்குகிறார்கள்.

ஆனந்தின் மந்திரி தன் அரசனுக்கு நேர்முன்னால் வந்து ஒடுங்கியது. அடக்கமான இடம், குறை சொல்வதற்கில்லை. வெள்ளை அரசியின் காலாளையும் தள்ளி நடுவெளியைத் திறந்தது. கறுப்புக் குதிரை பலகையின் விளிம்புக்குப் பாய்ந்து வெள்ளை மந்திரியைத் தாக்கியது. வேறொருவராயின் அந்த மந்திரியால் ஏதேனும் ஆரவாரம் செய்ய முயன்றிருப்பார். காஸ்பரோவோ அதைப் பேசாமல் தன் அரசனுக்கு முன்னே பின்வாங்கினார். இதை நம் தம்பிமார் குறித்துக்கொள்ள வேண்டும். தாக்குதல் ஆட்டம் என்று பெயர் பெற்ற ஆட்டத்திலே, ஏழாம் நகர்விலே, தாக்குகிறவரே பின்வாங்குகிறார்! அந்தப் பின்வாங்கலால் விளிம்பிலே நின்ற கறுப்புக் குதிரைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாமற் போயிற்று.

நடுவெளியிலே கறுப்புக் காலாள் வெள்ளைக் காலாளை எடுத்தது. வெள்ளை அரசி அதை வெட்டி நடுவிலே வந்து நின்றாள். கறுப்பின் அரசன் பக்கக் குதிரை வெளியே வந்தது. வெள்ளைக் காலாள் அதை விரட்டியது. விளிம்புக் குதிரை திரும்பி வந்து அரசியை விரட்டியது. அவள் பக்கவாட்டிலே ஒதுங்கினாள். விரட்டப்பட்ட குதிரை நடுவே பாய்ந்தது. பதினோராம் நகர்விலே அரசி ஒரு கட்டம் பின்னுக்கு மூலைவாட்டாக வந்து, கறுப்பு அரசன் பக்கக் குதிரைக் கோட்டிலுள்ள காலாளைக் குறிபார்த்தாள்.

இந்த நிலையிலே சிறிது தங்குவோம். ஆட்டத்தின் கழுத்து இதுதான். அந்தக் காலாளைக் காப்பாற்றக் கறுப்புக்கு என்ன வழி? கோட்டை கட்டினால் வெள்ளையின் மற்ற மந்திரி பாய்ந்து வந்து, மறுநகர்விலே அரசனைப் பிடிப்பேன் என்று மிரட்டும். அதைத் தடுத்தால் கோட்டை பறிபோகும். அரசனை ஒரு கட்டம் நகர்த்தினால் காலாள் பிழைக்கும். கோட்டை கட்டும் உரிமை போகும். கோட்டையை நகர்த்தினாலும் அந்தப் பக்கத்து உரிமை போகும். காலாளையே ஒரு கட்டம் முன்தள்ளினால் உரிமை எல்லாம் இருக்கும். ஆனால் அது விட்டுவந்த ஓட்டையிலே எதிரி நுழைவான். ஆனந்த் கடைசி வழியை எடுத்தார். உரிமையைக் கைவிடாத வழி என்று தோன்றும். காஸ்பரோவ் முதலில் தன் அரசனை ஒதுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டார். மூன்று நகர்வு கழித்து அந்த ஓட்டைக்கு எதிரே மந்திரியைக் கொண்டுபோய் நிறுத்தினார். அந்த மந்திரி அங்கே நிற்கும்வரை கறுப்பு அரசனால் அந்தப் பக்கம் ஒதுங்க முடியாது. உரிமை ஏட்டில் இருந்தது, ஆற்றுவதற்கு வழியில்லை.

அப்போது இன்னொரு காலாள் போதிய காவலின்றி நின்றது. ஆனந்த் அதையும் எடுத்தார். அதிலே ஒரு சோடிக் குதிரைகளும் மாறிக்கொண்டன. இப்போது இரண்டு காலாள் இலாபம். நமது வீடுகளிலே, வந்ததை விடாதே என்று சொல்லித்தான் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். கணக்குப் பார்த்தால் கறுப்பு நல்ல குடித்தனக்காரன். ஆனால் அவன் அரசன் இன்னும் நட்டநடுவிலே நிற்கிறான்.

பதினெட்டாம் நகர்விலே காஸ்பரோவ் மூன்றாவது காலாளையும் நீட்டினார். இம்முறை எடுக்க முடியாது. எடுக்கப் போகும் காலாள் விலகினால், அதற்குப் பின்னாலே நிற்கும் கறுப்பு அரசி வெள்ளைக் கோட்டையின் நேர்ப்பார்வையில் அகப்படுவாள். ஆகவே வெள்ளைக் காலாளே முன்சென்று அடித்தது, நடுக்கோடுகள் திறந்தன. வெள்ளை அரசி அரசனின் கோட்டிலே வந்து நின்றாள். கறுப்புக் குதிரை அந்தப் பொல்லாத மந்திரியை ஒருவாறு வெட்டியது. அரசி அந்தக் குதிரையை வெட்டினாள். கறுப்பு மந்திரி பின்வாங்கி அரசியைத் துரத்தியது. அவள் திரும்பிப் போய் அரசனுக்கு எச்சரிக்கை சொன்னாள். அரசன் ஒரு கட்டம் நடந்தான். அத்தோடு கோட்டை கட்டும் உரிமையும் தீர்ந்தது. வெள்ளைக் குதிரை நடுவிலே பாய்ந்து, பின் பக்கவாட்டிலே பாய்ந்து, கறுப்பின் மற்ற மந்திரியைத் தாக்கியது. அரசி வந்து காவல் நின்றாள். இருபத்தைந்தாம் நகர்விலே காஸ்பரோவ் தன் கோட்டையை அரசனின் கோட்டுக்கு நகர்த்தினார். அடுத்து அவருடைய மந்திரியும் சேர்ந்துகொண்டால் அந்தக் காய் பிழையாது. ஆனந்த் கைகொடுத்து எழுந்தார்.

எழுந்தபோது பலகையிலே இருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். பெரிய காய்கள் இருவருக்கும் சமம். காலாள்களோ கறுப்புக்கு 6, வெள்ளைக்கு 4. கைப்பொருள் கூடுதலாக வைத்திருந்தவர் தோற்றிருக்கிறார்!

இதைப் பல தடவை ஆடிப் பார்த்த பிறகு நான் ஒரு கணக்குப் போட்டேன். ஆனந்த் ஆடியவை மொத்தம் 24 நகர்வுகள். அவற்றிலே அரசன் பக்கக் குதிரை மட்டும் 7 தடவை ஓடியிருக்கிறது. ஓடி ஓடி இறுதியில் இறந்தது. அரசி பக்கக் குதிரை 4 தடவை ஓடி அதுவும் இறந்தது. முதலிலே காலாளை எடுத்த அந்த மந்திரி 4 தடவை நகர்ந்தது. நகர்ந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்றால், ஆட்டம் தொடங்குமுன் நின்ற அதே கட்டத்துக்கு! ஆகப் பதினைந்து நகர்வுகள் செலவான பின் இரண்டு குதிரைகள் இல்லை, ஒரு மந்திரி வீடு திரும்பி நிற்கிறது. கோட்டைகள் இரண்டும் மூலையை விட்டு அசையவேயில்லை. வெள்ளையின் ஒரு கோட்டையும் அசையவில்லை என்பதையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளைக்கு அது தேவைப்படுமுன்னே காரியம் முடிந்துவிட்டது. காஸ்பரோவ் கொடுத்த காலாள்கள் வாங்கிய காலம் இதுதான். அது கண்ணுக்குத் தெரியாத பொருள், எண்ணினால்தான் தெரிகிறது.

தாக்குதல் என்றால் துணிச்சல், துணிச்சல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாய்வது என்று நம் இளைஞரிடையே ஓர் எண்ணம் இருக்கிறது. 2024 டிசம்பரிலே சென்னைப் பையன் குகேஷ், பதினெட்டு வயதிலே, சிங்கப்பூரில் உலக வாகை சூடிய பிறகு நம் ஊரிலும் பிள்ளைகள் பலகை கேட்கிறார்கள். மெத்தச் சந்தோஷம். ஆனால் உட்கார்ந்த உடனே நாலாம் நகர்விலே அரசியைக் கொண்டோடிப் பிடித்துவிடலாமா என்றுதான் பார்க்கிறார்கள். காஸ்பரோவ் செய்தது அதுவன்று. நூறாண்டு பழைய ஏட்டை வீட்டிலே இருந்து படித்து, எதிராளி எதிர்பாராத நாளிலே எடுத்து வந்தார். மின்னல் வேகத்தில் ஆடுகிறவர் என்று பெயரெடுத்த ஆனந்த், தாம் வீட்டிலே பார்த்திராத நிலைகளைப் பலகையின் முன்னிருந்தே தீர்க்கவேண்டியதாயிற்று.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த செப்ரெம்பரிலே நியூயோர்க் நகரத்து உலக வர்த்தக நிலையத்திலே பெரிய போர் தொடங்கியது. முதல் எட்டு ஆட்டங்களும் சமம். ஒன்பதாவதை வென்றவர் ஆனந்த்! பத்தாவதிலே காஸ்பரோவ், ஆறாம் ஆட்டத்திலே ஆனந்த் கையாண்ட அதே வழியிலே புதிய பலியொன்றைக் காட்டி, ஒரு கோட்டையையே நீட்டி வென்றார். அந்த எண்ணத்துக்கு வித்திட்டவர் தாலே என்பர். முடிவு பத்தரைக்கு ஏழரை, ஆனந்த் தோற்றார்.

அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2008இல், ஜேர்மனியின் பொன் நகரத்திலே ஆனந்த் உலக வாகையராகக் கிராம்னிக்கை எதிர்கொண்டார். அசைக்க முடியாத தற்காப்புக்குப் பெயர்போனவர் கிராம்னிக். மூன்றாம் ஆட்டத்திலும் ஐந்தாம் ஆட்டத்திலும் கறுப்புக் காய்களோடு இருந்த ஆனந்த், அவர் எதிர்பாராத கூரிய வழியொன்றை எடுத்தார். காலாளைப் பொருட்படுத்தாமல் கோடுகளைத் திறந்து, வெள்ளை அரசனை நோக்கிக் காய்களைத் திருப்பினார். வழி வேறு, தொடக்கத்தின் பெயர் வேறு. ஆனால் இம்முறை வீட்டிலே படித்துவிட்டு வந்தவர் ஆனந்த். பலகையின் முன்னிருந்து தவித்தவர் எதிராளி. இரண்டையும் வென்றார். இறுதிக் கணக்கு ஆறரைக்கு நாலரை. ரீகாவிலே கொடுத்த பாடக்கட்டணம் வீண்போகவில்லை என்று நான் கொள்கிறேன். அவர் வாயாற் சொன்னதாக அல்ல, ஆட்டங்களைப் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்ததால் எனக்குத் தோன்றுவது. வென்ற ஆட்டங்களை விட்டு இந்தத் தோல்வியை எடுத்துவந்தது இதற்காகத்தான்.

தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி அமர்கிறேன். அந்தப் பதினோராம் நகர்விலே, காலாளை முன்தள்ளாமல் அரசனையே ஒரு கட்டம் நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கொரு எண்ணம். கோட்டை கட்டும் உரிமை போகும். ஆயினும் ஓட்டை விழாது, அந்த மந்திரி வந்து உட்கார இடமும் இராது. எனக்கு அது பொறுக்கக்கூடிய நட்டமாகவே படுகிறது. பலகையை அந்த நிலையிலே அப்படியே விட்டுவைக்கிறேன். பெரியவர்களிலே காய் நகர்த்திப் பழகியவர்கள் இருக்கிறீர்கள் என்று அறிவேன். தேநீர் வேளையிலே கறுப்புப் பக்கம் யார் வந்து உட்கார்ந்தாலும் வெள்ளைப் பக்கம் நான் இருப்பேன்.